பேனாவை முதலில் எடுத்தவன்

என் பெயரில் ஒரு பட்டியல் இருக்கிறது. நான் ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகளாகியும் அது அவசரப் பிரிவின் முகப்பில் ஒட்டியபடியே இருக்கிறது என்பது போன மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. ஓர் இளம் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார்.

"சார், நான் தினேஷ். உங்க சீட்ல இப்ப நான்தான். 'குமரேசன் லிஸ்ட்' இருக்கு இல்லையா, அத டேப்லெட்ல போடப் போறாங்க. பேஷண்ட் பேசுனா அதுவே மலாய்ல எழுதிக் காட்டுமாம். ஒரிஜினல் காப்பி உங்ககிட்ட இருக்கா?"

"ஒட்டுனது அங்கதான இருக்கு?"

"வெளிறிப் போச்சு சார். பாதி எழுத்து தெரியல. ஆனா கவலப்படாதீங்க லா, எங்களுக்கு எல்லாம் மனப்பாடம்."

அவர் என்னை மகிழ்விக்கத்தான் அதைச் சொன்னார். அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பட்டியலைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் இருக்கையில் இப்போது இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மலேசியாவில், கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஓர் அரசாங்க மருத்துவமனையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மருத்துவ உதவியாளனாக இருந்தேன். தோட்டத்து ஆட்கள் எங்களை டிரெஸ்ஸர் என்பார்கள். டவுனில் பாதிப் பேர் டாக்டர் என்றே கூப்பிடுவார்கள். நாங்களும் அதை மறுப்பதில்லை. பயிற்சி மூன்று ஆண்டு. எலும்புகளின் பெயர்களை ஆங்கிலத்தில் படித்து, மலாயில் தேர்வு எழுதினோம். வலிப்பவர் தன் வலியை எப்படிச் சொல்வார் என்பதற்கு மட்டும் பாடம் இல்லை.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். எனக்குத் தமிழ் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கூடவே மாமியார்.

"மூணு மாசமா முழுகல டாக்டர்" என்றாள் அந்தப் பெண்.

"ஏம்மா, வீட்டுல தண்ணி வரலயா?" என்று கேட்டேன்.

மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பிறகு வரிசை முழுவதற்கும் கேட்கும்படி, "பாவம், இந்தத் தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகல போல. மாசமா இருக்கான்னு சொல்றா தம்பி!" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் நான் நோயாளி விவரம் எழுதும் கார்டைக் கீழே போட்டுவிட்டேன்.

அது வெட்கத்தோடு போயிற்று. அடுத்தது அப்படிப் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்தே ஒரு பாட்டி வந்தார், யாழ்ப்பாணத்து வம்சம், பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "எனக்குத் தொய்வு, தம்பி" என்றார். நான் சோர்வு என்று எழுதி, காத்திருக்கும் இடத்தைக் காட்டினேன்.

அப்போது எங்கள் தலைமை உதவியாளர் என்சிக் ஜமாலுடின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மலாய்க்காரர்; என்சிக் என்றால் மலாயில் ஐயா. தோட்டத்து எல்லையில் வளர்ந்ததால் தமிழ் பேசுவார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாட்டியின் எதிரே உட்கார்ந்தார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, கார்டுக்கு மேலே குறுக்காக வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் பதித்துக்கொண்டார்.

"அம்மா, எங்கே? கை வெச்சுக் காட்டுங்க."

பாட்டி கழுத்துக் குழியில் கை வைத்தார். அந்த நேரத்தில்தான் அவருடைய தோள்கள் இரண்டும் ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அதற்கு முன் நான் அவரைப் பார்க்கவே இல்லை, கார்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

"எப்போ வந்துச்சு? அப்போ என்ன செஞ்சுட்டு இருந்தீங்க?"

"விடியப்புறம் ஐயா. துணி காயப் போட்டுக்கொண்டு நின்றனான்."

"இதனால எது செய்ய முடியல?"

"படி ஏற ஏலாது. கனக்கக் கதைக்கவும் ஏலாமல் கிடக்கு."

அதன் பிறகுதான் அவர் பேனாவை எடுத்தார். மேல் வரியில் பாட்டி சொன்ன சொல்லை அப்படியே ரோமன் எழுத்தில் எழுதினார். கீழ் வரியில் ஆஸ்துமா, மூச்சுத் திணறல் என்று எழுதினார். பாட்டியை உள்ளே அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மேல் வரி அவங்களுது. கீழ் வரி நம்மளுது. ரெண்டும் வேணும்."

"சாரி, என்சிக். நான் வேற அர்த்தத்துல எடுத்துக்கிட்டேன்."

"நீ தமிழ்க்காரன், அதான் பிரச்சினை. உனக்குப் புரிஞ்சு போச்சுன்னு நெனைக்கிற. எனக்குப் புரியல. அதனால நான் கேக்குறேன்."

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. எவனாவது பேசி முடிப்பதற்குள் பேனாவைத் தூக்கினால், வந்து அதை எடுத்து மறுபடி கார்டுக்கு மேலே குறுக்காக வைத்துவிட்டுப் போவார். ஒரே நாளில் என் பேனாவைப் பதினோரு முறை அப்படி வைத்திருக்கிறார். அந்த மூன்று கேள்விக்கு ஒரு நிமிடம் ஆகும், சில நேரம் ஒன்றரை. அவர் இருந்த வரை அந்த முகப்பில் அதுதான் நடைமுறை.

அவர் ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் நான் தலைமைக்கு வந்தேன். கூட்டம் மூன்று மடங்காகியிருந்தது. காப்பார், ரவாங், ஸ்ரீ கெம்பாங்கான் என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தார்கள். தோட்டத்துப் பேச்சு ஒரு மாதிரி. துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்களின் பேச்சு ஒரு மாதிரி. தமிழ்நாட்டிலிருந்து உணவகங்களில் வேலை செய்ய வந்த இளைஞர்களின் பேச்சு இன்னொரு மாதிரி. ஒருவர் 'மேலுக்கு முடியல' என்பார், உடம்பு முழுக்க வலி என்று பொருள். இன்னொருவருக்கு மேல் என்றால் தலைப்பக்கம். 'இடுப்பு வலி' என்று ஒருத்தி சொன்னால் பிரசவ அறைக்கு ஓட வேண்டும். அதையே அவள் மாமனார் சொன்னால் தைலம் போதும். தமிழ் தெரியாத தாதிகள், நாங்கள் மிஸிகள் என்போம், திணறினார்கள். நாள் முழுக்க என்னையே கூப்பிட்டார்கள்.

ஆகவே பட்டியல் போட்டேன். நாற்பத்தாறு சொற்கள். முதல் பத்தியில் நோயாளி சொல்வது. இரண்டாம் பத்தியில் அதன் பொருள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாம் பத்தியில் என்ன நிற ஸ்டிக்கர் ஒட்டுவது என்றும் போட்டேன். சிவப்பு என்றால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் அரை மணிக்குள். பச்சை என்றால் உட்கார்ந்திருக்கலாம்.

பிளாஸ்டிக் உறை போட்டு முகப்பில் ஒட்டினேன். வரிசை வேகமாக நகர்ந்தது. மிஸிகள் எனக்குக் கேக் வாங்கி வந்தார்கள். தலைமை மருத்துவர் மற்றப் பிரிவுகளுக்கும் பிரதி எடுக்கச் சொன்னார். பேனாவைக் குறுக்கே வைக்கும் பழக்கம் யாரும் உத்தரவு போடாமலே நின்றுபோனது.

ஒருமுறை ஜமாலுடின் முழங்கால் வலிக்காக வந்தார். முகப்பில் நின்று பட்டியலை மேலிருந்து கீழே வரை படித்தார்.

"நல்லா இருக்கு, குமரேசன். நெறைய வேலை செஞ்சிருக்க." பிறகு கேட்டார்: "இதுல கை எங்கே?"

"என்ன கை, என்சிக்?"

"கை வெச்சுக் காட்டுறது."

கூட்டத்தைக் காட்டிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஓய்வு பெற்றவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, ஒரு திங்கட்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். திங்கட்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று இந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். காப்பாரிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். இருவர் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அவர் மாரியப்பன், எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர், ஐம்பத்து நான்கு வயது. மகள் புவனாவுக்குப் பத்தொன்பது. அவர் நின்றுகொண்டிருந்தார், மகள் பேசினாள். அழுதுகொண்டு வந்திருந்தாள்.

"அங்கிள், அப்பாவுக்கு வாய்வு புடிச்சிருக்கு. காலையில இருந்து இங்க..."

வாய்வு என் பட்டியலில் பதினேழாவது சொல். வயிற்றில் காற்று, உப்புசம், பச்சை. அவள் 'காலையில' என்று சொல்லும்போதே என் பேனா எழுதிக்கொண்டிருந்தது. 'இங்க' என்று சொல்லிவிட்டு அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள். அவர் வலது கையை மூடி, நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்தினார். முகத்தில் வேர்வை இருந்தது.

நான் அதைப் பார்த்தேன்.

இந்த வரிக்காகத்தான் இத்தனையும் எழுதினேன். அவர் காட்டவில்லை என்று பிறகு சொன்னேன். பல ஆண்டுகள் எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் பார்த்தேன். எழுதி முடித்துவிட்ட கார்டைத் திருத்த வேண்டுமே என்ற சலிப்பு வந்தது. வேறு ஒன்றும் இல்லை. பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, "அங்க உக்காருங்க, பேரு சொல்லிக் கூப்புடுவாங்க" என்றேன்.

"அங்கிள், இல்ல, அப்பாவுக்கு..."

"வாய்வுதானம்மா? உக்காருங்க. அடுத்தது!"

கார்டில் நெஞ்சு என்ற ஒரு சொல் இருந்திருந்தால் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்திருப்பார்கள். அவர் ஒரு மணி நாற்பது நிமிடம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் இரண்டு முறை எழுந்து முகப்புக்கு வந்ததாகவும், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனதாகவும் ஒரு மிஸி பிறகு சொன்னார். பன்னிரண்டு பத்துக்கு அவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். முதலில் ஓடிப் போய் நெஞ்சை அழுத்தத் தொடங்கியவன் நான்தான். முப்பத்தைந்து நிமிடம் முயன்றோம். மாரடைப்பு. காப்பாற்ற முடியவில்லை.

விசாரணை நடந்தது. தலைமை தாங்கிய மருத்துவர் மென்மையாகப் பேசுபவர். என்னை மிரட்டவில்லை. இரண்டே கேள்விதான் கேட்டார்.

"குடும்பத்தினர் என்ன சொன்னார்கள்?"

"வயிற்றில் வாயு என்றார்கள், டாக்டர்."

"நோயாளி வலித்த இடத்தைக் காட்டினாரா?"

"இல்லை, டாக்டர்."

என்னுடைய இருபத்தெட்டு ஆண்டுச் சேவையும் அந்தப் பட்டியலும் மேசைமேல் இருந்தன. யாரும் மூன்றாவது கேள்வி கேட்கவில்லை. குடும்பத்தார் கொடுத்த விவரத்தில் நெஞ்சு வலி குறிப்பிடப்படவில்லை என்று அறிக்கை முடிந்தது. அதே வாசகத்துடன் காப்பாருக்கு ஒரு கடிதம் போயிற்று. அது போகும் என்று எனக்குத் தெரியும். கடிதத்தின் வரைவை நானே படித்தேன். அந்த வாக்கியம் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையில்தான் இறங்கும் என்பதும் தெரிந்தே இருந்தது.

அவர் இறந்த அன்று மாலையே பட்டியலை எடுத்துப் போய் பதினேழாவது வரியை மாற்றினேன். 'வாய்வு: நெஞ்சா, முதுகா, வயிறா என்று கேள். மஞ்சள்' என்று போட்டுப் புதிதாக அச்சடித்து ஒட்டினேன். ஏன் மாற்றினாய் என்று யாரும் கேட்கவில்லை. தவறு எதுவென்று தெரியாதவன் அந்த வரியைத் தேடிப் போய் மாற்றியிருக்க மாட்டான். அடுத்த ஆண்டு எனக்குச் சிறந்த சேவை விருது கிடைத்தது. மேடையில் பட்டியலைப் பற்றித்தான் பேசினார்கள். நான் நன்றி சொன்னேன்.

விருது வாங்கிய மாதத்திலேயே ஒருநாள் கார்டில் இருந்த முகவரியைத் தேடிக் காப்பார் போனேன். அவர்கள் இருந்த கம்பத்துக்குள், அந்தச் சிறு கிராமத்துக்குள், காரை ஓட்டிக்கொண்டு போய், அந்த வீட்டு வாசலில் லோரி தார்பாய் போட்டு நிற்பதைப் பார்த்தேன். காரை நிறுத்தாமல் கடந்து போய், முச்சந்தியில் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

தினேஷ் அழைத்த மூன்றாம் நாள் மறுபடி போனேன். இடையில் பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. லோரி இல்லை. வேலிக் கதவருகே ஒரு பெண் துடைப்பத்தோடு நின்றாள். பாலர் பள்ளிச் சீருடைச் சட்டை போட்டிருந்தாள், ஆசிரியைகள் போடுவது.

"லோங்காங் விஷயமா வந்தீங்களா அங்கிள்? ரெண்டு மாசமா சாக்கடத் தண்ணி போகாம அடைச்சுக் கெடக்கு. நாலு தடவ கம்ப்ளைன் பண்ணிட்டேன்."

"இல்லம்மா. மாரியப்பன் மகள் புவனா நீங்கதானே?"

"ஆமா."

"நான் ஆஸ்பத்திரியில வேலை செஞ்சவன். அன்னிக்கு கவுண்டர்ல உக்காந்திருந்த ஆளு."

அவள் கதவைத் திறக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தாழ்ப்பாள்மேல் கை வைத்தபடி நின்றாள். கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்றே சொன்னேன்.

"உங்க அப்பா கைய நெஞ்சுல வெச்சுக் காட்டுனாரு. நான் பாத்தேன். விசாரணையில காட்டலன்னு சொல்லிட்டேன். தப்பு என்னுது. உங்களுது இல்ல."

அவள் தாழ்ப்பாளை விட்டுவிட்டுக் கம்பியைப் பற்றினாள். பிறகு கேட்டாள்: "நான் 'இங்க'ன்னு சொன்னேனா அங்கிள்?"

"சொன்னீங்கம்மா."

"நெசமா சொன்னேனா?"

"சொன்னீங்க. சொல்லிட்டு அப்பாவப் பாத்துத் திரும்புனீங்க."

"எனக்கே மறந்து போச்சு. சொன்னேனா, சொன்னதா நானே நெனச்சுக்கிறேனான்னு தெரியாம போச்சு. அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 'ஏன்டி வாய்வுன்னு சொன்ன, நெஞ்சு வலின்னு சொல்லியிருக்கலாம்ல'ன்னு. அவங்களும் வாய்வுன்னுதான் சொல்லுவாங்க அங்கிள். எங்க வீட்டுல எல்லாருக்கும் எது புடிச்சுக்கிட்டாலும் அது வாய்வுதான். அப்பா காருல என்ன சொன்னாரோ அதத்தான் நான் சொன்னேன்."

"அம்மா இருக்காங்களா?"

"ரெண்டு வருஷம் ஆச்சு." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்ன வந்திருக்கலாம் நீங்க."

"வந்திருக்கலாம்" என்றேன்.

பிறகு கதவைத் திறந்தாள். "உள்ள வாங்கன்னு சொல்ல மனசு வரல அங்கிள். கோவிச்சுக்காதீங்க. இங்கயே உக்காருங்க" என்று கார் நிறுத்தும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டாள். தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். அவளுடைய அண்ணனைப் பற்றிச் சொன்னாள். ரவாங்கில் இருக்கிறார். கடிதம் வந்த நாளிலிருந்து இவளோடு பேசுவதில்லை. அம்மாவின் காரியத்தன்று கூட அவர் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் நின்றிருக்கிறார்கள்.

"நான் போய் சொன்னா நம்ப மாட்டாரு. எழுதிக் குடுங்க."

பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டு வந்தாள். மடியில் வைத்து எழுதினேன். அவள் தகப்பன் நெஞ்சில் கை வைத்து அழுத்தியதை நான் பார்த்தேன் என்றும், விசாரணையில் பொய் சொன்னேன் என்றும், வலித்த இடத்தை மகள் தெளிவாகச் சொன்னாள் என்றும் எழுதி, என் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் போட்டுக் கையெழுத்திட்டேன். அவள் வாங்கி வாசித்தாள். விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இது சரியில்ல அங்கிள்."

"எதும்மா?"

"தெளிவா சொன்னாள்னு போட்டிருக்கீங்க. நான் தெளிவா சொல்லல. அழுதுக்கிட்டே சொன்னேன். பாதிதான் வந்துச்சு. அப்படியே எழுதுங்க. இல்லாட்டி அண்ணன் இதையும் பொய்ம்பாரு."

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். மகள் அழுதுகொண்டே சொன்னாள், நான் அவளை முடிக்க விடவில்லை என்று எழுதினேன். இந்த முறை அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்துக்கொண்டாள்.

அதன் பிரதி ஒன்றை மருத்துவமனைத் தலைமைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்ய வேண்டுமோ செய்யட்டும். தினேஷுக்குப் பட்டியலையும் அனுப்புகிறேன். மூன்றாம் பத்தியை நீக்கிவிட்டேன். இந்தக் கட்டுரையையும் கூட வைக்கிறேன். இளைஞர்களே, டேப்லெட் நல்லதுதான். அது எழுதட்டும். நீங்கள் கையைப் பாருங்கள்.

காப்பார் போய் வந்த ஒன்பதாம் நாள் மாலை புவனாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பேருந்தில் இருந்தாள் போல, பின்னால் இரைச்சல். இந்தக் கட்டுரையை எழுத அனுமதி கேட்டிருந்தேன். பெயரை மாற்றிக்கொண்டு எழுதுங்கள் என்றாள். அதன் பிறகு சொன்னாள்:

"அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன் அங்கிள். பேப்பரக் குடுத்தேன். நின்னுக்கிட்டே படிச்சாரு. ஒன்னும் பேசல. சரி, கெளம்பலாம்னு செருப்புப் போட்டேன். அப்பதான், 'சாப்பிட்டுப் போ'ன்னாரு."